நசீம் பானு டைரக்ட் கொடுக்க மாட்டாள்

எனக்குக் கோபம் வந்தால் மிஷின் ஊசி உடையும். போன தை மாதத்தில் மட்டும் பதினோரு ஊசி உடைத்தேன். தார்ப்பாய் தைக்கிற ஊசி லேசில் உடையாது. அதிலிருந்தே கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

என் பெயர் ஒச்சப்பன். திண்டுக்கல் பேகம்பூரில் தார்ப்பாய்க் கடை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரிகளில் நான் தைத்த தார்ப்பாய் நிறையக் கிடக்கும். என் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் நசீம் பானு கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அண்ணே என்பாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் என் வண்டவாளமும் சேர்ந்து தண்டவாளம் ஏறும். ஏறட்டும்.

எங்கள் ஊர் மெக்கானிக்குகளிடம் சகல வியாதிக்கும் ஒரே மருந்து உண்டு. அதன் பெயர் டைரக்ட். மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறதா, நிறுத்துகிற சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டு டைரக்ட். கேஸ் கீசர் பாதிக் குளியலில் அணைகிறதா, அணைக்கிற சாமானைக் கழற்றிவிட்டு டைரக்ட். மிஷின் ஏன் நின்றது என்று எவனும் கேட்க மாட்டான். நின்றதுதான் அது செய்த குற்றம். ஓடுகிறதா, கொண்டு போ. செத்தால் உன் தலையெழுத்து.

நசீம் பானுவும் ஒரு காலத்தில் டைரக்ட் கொடுத்தவள்தான். அதை அவளே சொல்லுவாள், மறைக்க மாட்டாள். அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். கல்யாணமான புதிதில் வீட்டு அடுப்பில் கேஸ் வாடை அடித்திருக்கிறது. வந்த மெக்கானிக் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, பொம்பளைகளுக்குச் சும்மாவே வாடை அடிக்கும் என்று சொல்லிப் போய்விட்டான். இவள் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது மூட்டில் நுரை பொங்கியது. அன்றைக்கே அந்த அடுப்பைப் பிரித்துப் போட்டு, ரெண்டு நாளில் திரும்ப மாட்டிவிட்டாள். அப்புறம் தெருவில் உள்ள அடுப்பெல்லாம் இவளிடம் வந்தது. அவள் புருஷன் இஷாக் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வண்டி நிறுத்துகிற இடத்தையே கடையாக்கிக் கொடுத்தார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அல்போன்சா டீச்சர் வீட்டுக் கீசர் அடிக்கடி அணைகிறது என்று வந்தது. டீச்சர் அவசரப்படுத்தினார். நசீம் பானு டைரக்ட் கொடுத்தாள். பத்தாவது நாள் டீச்சர் குளியலறையில் மயங்கி விழுந்தார். கதவை உடைத்துத் தூக்கினார்கள், பிழைத்துக்கொண்டார். மூடின அறையில் எரிகிற நெருப்பு, காற்று குறையக் குறைய, கண்ணுக்கும் தெரியாத மூக்கிலும் ஏறாத ஒரு விஷவாயுவைக் கக்கும், அதற்குப் பெயர் கார்பன் மோனாக்சைடு என்று டாக்டர் சொன்னார். கீசர் சரியில்லை என்றுதான் டீச்சர் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நசீம் பானு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலைச் சுற்றி அவர் சொந்தக்காரர்கள் நிற்கும்போதே, "டீச்சர், கீசர் மேல தப்பில்ல. நான் புடுங்கிப் போட்டதுதான் தப்பு" என்றாள். ஒரு அம்மாள் கை ஓங்கிக்கொண்டு வந்தார். இவள் நகரவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் டைரக்ட் கிடையாது.

இப்படிப்பட்டவளிடம் போன மார்கழியில் சிவபிரகாஷ் வந்தான். முப்பது வயது, திண்டுக்கல்காரன்தான். கொடைக்கானலுக்கும் மேலே ஒரு கேரட் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து, பதினாறு டென்ட் அடித்து, டவுன்காரர்களைக் கூட்டிவந்து படுக்க வைக்கிற தொழில். கடை வாசலில் பதினாலு ஹீட்டரை இறக்கினான். சின்ன சூட்கேஸ் அளவு இருக்கும். பின்னால் சிலிண்டரை மாட்டிப் பற்றவைத்தால் முன்னால் உள்ள தட்டு செக்கச்செவேல் என்று காயும்.

"அக்கா, கீழ நல்லா எரியுது. மேல கொண்டுபோய் டென்டுக்குள்ள வச்சா செத்த நேரத்துல அணைஞ்சுபோகுது. கஸ்டமரு என்னைய வைய்யுறாங்க. எல்லாத்துக்கும் டைரக்ட் குடுத்துருங்க."

அவள் ஒன்றைப் பிரித்து, உள்ளே எரிகிற ஒரு குட்டித் தீயை அவனுக்குக் காட்டினாள். "இது காத்த மோந்து பாக்குற தீ தம்பி. காத்து கொறஞ்சா இது தள்ளிப் போய் எரியும், ஒடனே கேஸு கட்டாயிரும். உள்ள படுத்திருக்கிற ஆளு விடிஞ்சு எந்திரிக்கணும்னு வச்ச சாமான் இது. இதப் புடுங்க மாட்டேன்."

"கீழ எரியுதுல்லக்கா."

"என் கடைக்கு மூணு பக்கந்தான் சொவரு. உன் டென்டுக்கு எத்தன பக்கம்?"

அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பதின்மூன்றைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். திருகுகிற குமிழ் உடைந்துபோன ஒன்றை மட்டும், குமிழ் மாற்றி வையுங்கள் என்று விட்டுவிட்டுப் போனான். மற்றதையெல்லாம் வேறொருவனிடம் ஒரே நாளில் டைரக்ட் ஆக்கிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. இந்த ஊரில் அதற்கா ஆள் இல்லை.

அவள் கடையிலிருந்து இறங்கினவன் நேரே என் கடைக்குத்தான் வந்தான். டென்டுகளையும் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் உச்சியில் வட்டமாக ஒரு வலை, கதவுக்கு எதிர்ப்பக்கம் தரையோரமாக இன்னொரு சின்ன வலை.

"குளிரு இந்த ஓட்ட வழியாத்தான் எறங்குதுண்ணே. ரெண்டையும் துணி வச்சு அடைச்சுக் குடுத்துருங்க" என்றான்.

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நாங்கள் வெயிலில் வெந்தவர்கள். மார்கழி பிறந்தால் இந்த ஊரில் காதுக்குப் பஞ்சு, தலைக்குக் குல்லா, ஜன்னலுக்குச் சாக்கு. பனி என்றால் ஓட்டை தேடி வரும், ஓட்டையை அடை. பிள்ளை பெற்றவள் அறையில் காற்றுப் புக ஒரு சந்து விட மாட்டோம். அது போக, நான் தார்ப்பாய்க்காரன். முப்பத்து நாலு வருடமாக ஓட்டையைக் கண்டால் அடைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பதினாறு டென்டுக்கும் கெட்டியான துணி வைத்து, விளிம்பில் டேப் கொடுத்து, இரட்டைத் தையல் போட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது என்று அவனிடம் பெருமை வேறு அடித்தேன். ஒன்றில் ஜிப் கிழிந்திருந்ததால் அது மட்டும் கடையிலேயே தங்கியது. பதினைந்து மலை ஏறியது.

புத்தாண்டுக்கு ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு கம்பெனிக் கூட்டம், இருபது பேர், சிவபிரகாஷின் கேம்புக்கு வந்தார்கள். கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கியவர்களை ஏற்றிப் போனது பழனிக்குமார் என்கிற வேன் டிரைவர். அவன் வேனிலேயே பிரியாணியும் போனது. சமைத்தது சௌகத் அலி, நசீம் பானுவின் கூடப்பிறந்த தம்பி. மெயின் ரோட்டில் எட்டு மேஜை போட்ட கடை. கறியை விடிகாலையில் அவனே போய் நின்று வாங்குவான். அரிசி களைந்த தண்ணீர் தெளிகிறதா என்று அவனே பார்ப்பான். வாய் பேசத் தெரியாத ஆள், அடுப்பு முன்னால் நிற்க மட்டுமே தெரியும்.

மறுநாள் காலையில் ஆறு பேருக்குத் தலைவலி, வாந்தி. ஒருத்தி எழுந்திருக்கவே முடியாமல் கிடந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார்கள். ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பிரியாணி. முடிந்தது கதை. கூட்டத்தில் ஒருவன் போனில் வீடியோ எடுத்தான். அதில் சிவபிரகாஷ் வந்து நின்று, "சாப்பாடு நாங்க செய்யலைங்க, திண்டுக்கல்லுல இருந்து வாங்குனது" என்று கடையின் பெயரையும் சொன்னான்.

அந்த வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கீழே வந்த பேச்சுகளையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது. பழைய கறி என்றான் ஒருவன். என்ன கறியோ என்றான் இன்னொருவன். மூன்றாமவன் பாய்க்கடை என்பதை வைத்து எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன், என் கை அழுகிப்போகும். அவன் சௌகத் அலியின் கடையில் ஒரு வாய் சாப்பிட்டிருப்பானா. கொடைக்கானலுக்காவது போயிருப்பானா. போனில் விரலை வைத்து ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு அவன் தூங்கப் போயிருப்பான்.

நாலே நாளில் சௌகத்தின் கடை ஈ ஓட்டியது. ஆபீசர் ஒருவர் வந்து அரிசியும் கறியும் எடுத்துப் போனார், முடிவு வர நாளாகும் என்றார். ஐந்தாம் நாள் சௌகத் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டான். நான் பார்க்கப் போனபோது, "என் கறியில என்னண்ணே கொற?" என்று மட்டும் கேட்டான். நாலு முறை அதையே கேட்டான்.

நசீம் பானு அழவில்லை. ஸ்பேனரை எடுக்கவும் இல்லை. பழனிக்குமாரை வரச் சொல்லி, கடை வாசலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ சாப்டியா?"

"ரெண்டு பிளேட்டுக்கா. பொய் சொல்வானேன், மூணு."

"எங்க படுத்த?"

"வேன்லதான். கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டுட்டு."

"வாந்தி?"

"எனக்கா? காலையில நல்லா பசிச்சுச்சு."

"அந்த ஆறு பேரும் எங்க படுத்தாங்க?"

"ரெண்டு டென்டுலக்கா. குளிருதுன்னு சாப்ட்டதும் உள்ள போயி, ஹீட்டரப் போட்டு, ஜிப்ப மூடிட்டாங்க. மத்த ஆளுக வெளிய வெறகு மூட்டிக்கிட்டு விடிய விடிய கூத்தடிச்சாங்க. அவங்களுக்கு ஒண்ணுமில்ல."

"ஆறு பேரும் பிரியாணிதான் தின்னாங்களா?"

பழனிக்குமார் யோசித்தான். "இல்லக்கா. எந்திரிக்கவே முடியாம கெடந்துச்சே ஒரு பிள்ள, அது சைவம். அதுக்குத் தயிர்சாதம் நாந்தான் வத்தலக்குண்டுல வாங்கிக் குடுத்தேன்."

நசீம் பானு தடுப்பைத் தட்டினாள்.

"அண்ணே, அவன் டென்டு ஒண்ணு ஒங்ககிட்ட கெடக்குல்ல?"

என் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் விரிக்கிற காலி இடத்தில் டென்டை அடித்தோம். குமிழ் மாற்றி வைத்திருந்த அந்த ஒற்றை ஹீட்டர் அவளிடம் இருந்தது. அது டைரக்ட் ஆகாதது. டென்டுக்கு நடுவில் சமமாக ஒரு பலகை போட்டு, துணிக்கும் ஹீட்டருக்கும் மூன்றடி விட்டு வைத்துப் பற்றவைத்தாள். ஆள் யாரும் உள்ளே இல்லை. நான் புது ஜிப் வைத்திருந்தேன், அதை மூடினோம். பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகச் சிவப்புத் தட்டு தெரிந்தது. மார்கழிதான் என்றாலும் பகல் பதினொரு மணி வெயில் எங்கள் தலையில் அடித்தது. அந்த வெயிலில் மூன்று பேர் ஒரு ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

முப்பத்தெட்டாவது நிமிடம் டக் என்று ஒரு சத்தம். சிவப்பு மங்கியது. அணைந்துவிட்டது.

ஜிப்பைத் திறந்து வைத்து, உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறக் காத்திருந்தாள். ஹீட்டரை வெளியே எடுத்துப் பற்றவைத்தாள். எரிந்தது, ஒரு மணி நேரம் ஆகியும் எரிந்துகொண்டே இருந்தது.

"ஹீட்டருல கோளாறு இல்ல. உள்ள காத்து இல்ல. மேல மலையில காத்தே மெலிசு, இன்னும் வெரசா அணையும். அணையுற சாமானைப் புடுங்கிட்டா? காத்து இல்லாமயே எரிஞ்சு வெசத்தக் கக்கும்" என்று சொல்லிக்கொண்டே டென்டுக்குள் குனிந்து போனாள். "ஆனா டென்டு செய்யுறவன் முட்டாளா? காத்துக்கு வழி வச்சிருப்பானே" என்று அண்ணாந்து பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இத யாருண்ணே தச்சது?"

இரட்டைத் தையல் இந்த ஊரில் யார் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

வெட்கத்தைவிட முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "குளிருக்கு ஓட்டைய அடைக்கிறது தப்பா? உள்ள நெருப்ப வைக்கப் போறேன்னு அவன் எங்கிட்டச் சொன்னானா?" என்று கத்தினேன்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். திரும்பித் தன் கடைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வரை நான் அவளோடு பேசவில்லை. மூன்று ஊசி உடைந்தது. தகரத் தடுப்புக்கு அப்பால் கேட்ட குரல் என் காதில் இருந்தது. மூன்றடி தள்ளி அவன் டைரக்ட் கேட்டபோது நான் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். உன் டென்டுக்கு எத்தனை பக்கம் என்று அவள் கேட்டதையும் கேட்டேன். கேட்டுவிட்டு, அடுத்த கால்மணியில் அதே டென்டுகளை அளவெடுத்தேன். அடுப்பு அவள் தொழில், துணி என் தொழில் என்று இருந்தேன். பழி அடுப்பிலும் விழவில்லை, துணியிலும் விழவில்லை. ஒன்றும் அறியாத சோற்றுப்பானையில் விழுந்தது.

பிளேடை எடுத்துப் போய் அந்த டென்டின் ரெண்டு துணியையும் பிரித்தேன். திரும்பப் பற்றவைத்தாள். ரெண்டு மணி நேரம் ஆகியும் அணையவில்லை.

"இப்ப சரியாயிருச்சுல்ல?" என்றேன்.

"இப்பவும் தூங்கும்போது அணைச்சிரணும்ணே. முழிச்சிருக்கிறவனுக்குத் தலைவலிச்சா வெளிய ஓடுவான். தூங்குறவன் எப்படி ஓடுவான்?"

சிவபிரகாஷுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பார்க்கிறேன் என்றான். அதற்குப் பிறகு அவள் நம்பரை எடுக்கவில்லை. என் நம்பரையும் எடுக்கவில்லை. பொங்கல் லீவுக்கு எல்லா டென்டும் புக்காகிவிட்டது என்று பழனிக்குமார் வந்து சொன்னான். குடும்பம் குடும்பமாக, குழந்தைகளோடு வருகிறார்களாம்.

போகிக்கு மறுநாள், பொங்கலன்றே, விடிந்ததும் நாங்கள் கிளம்பினோம். என் மனைவி சண்முகவள்ளி இன்னும் பொங்கல் பானையை இறக்கவில்லை, அதற்குள் நான் வேனில் ஏறிவிட்டேன். அவள் என்னைத் திட்டியதும் நியாயம்தான். வேனில் நான், நசீம் பானு, பழனிக்குமார். சௌகத்தைக் கூப்பிட்டோம், வர மறுத்துவிட்டான். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றான்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வெயில் அடித்தும் என் பல் தந்தியடித்தது. பதினைந்து டென்ட், பதினைந்து குடும்பம். குழந்தைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தன. நான் யாரிடமும் கேட்கவில்லை. முதல் டென்டைச் சாய்த்துப் பிடித்து உச்சித் துணியைக் கிழிக்க ஆரம்பித்தேன்.

சிவபிரகாஷ் ஓடிவந்தான். "அண்ணே, என்ன பண்றீங்க? நான் கூலி குடுத்துத் தச்சது."

"தச்ச கைதான் பிரிக்குது. விடு."

கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், "ஹீட்டர் இருக்கு, குளிராதுன்னு சொல்லித்தானே கூட்டிவந்தாங்க. இப்ப இவரு வந்து ஓட்டை போடுறாரு" என்று சத்தம் போட்டார். இன்னொருவர் என் பிளேடைப் பிடுங்க வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உன் பிள்ளைக்காகத்தானய்யா மலை ஏறி வந்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

நசீம் பானு கத்தவில்லை. ஒரு ஹீட்டரைத் தூக்கிவந்து கூட்டத்துக்கு நடுவில் வைத்துப் பின்மூடியைக் கழற்றினாள். காற்றை மோந்து பார்க்கிற குட்டித் தீ இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள். அங்கே ஒன்றுமில்லை.

"இத டென்டுக்குள்ள வச்சு ஜிப்ப மூடிட்டுப் படுக்காதீங்கம்மா. பொகையும் வராது, வாடையும் வராது. தலை கனக்கும், வாந்தி வரும். அப்படியே தூங்கிட்டா எந்திரிக்க மாட்டீங்க. பதிமூணுலயும் புடுங்கியாச்சு. கரி அடுப்பு, தணலுன்னும் எதையும் உள்ள கொண்டுபோகாதீங்க. போர்வைய ரெண்டாப் போத்துங்க."

"அந்தம்மா சொல்றது ஓவருங்க" என்றான் சிவபிரகாஷ். முகத்தில் அதே சிரிப்பு. "ஒரு சீசனா யூஸ் பண்றோம். ஒண்ணும் ஆகல."

கண்ணாடி அம்மாளின் வீட்டுக்காரர் போல ஒருவர் அவனைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். "நீங்களும் இங்கதானே தங்குறீங்க தம்பி. நீங்க ஹீட்டர் போட்டுத்தான் படுப்பீங்களா?"

"எனக்கு அது ஒத்துக்காதுங்க" என்றான் அவன். யோசிக்காமல் சொன்னான். "போட்டுப் படுத்தா காலையில தலை வலிக்கும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும். நான் ரெண்டு ரஜாய் போர்வை போத்திக்குவேன்."

தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தச் சிரிப்பு அப்போதுதான் போனது.

பழனிக்குமார் வேன் கதவில் சாய்ந்து நின்றபடி கேட்டான். "அப்ப நீங்களும் பிரியாணி சாப்டீங்களாண்ணே?"

நசீம் பானு சிவபிரகாஷிடம் போய் நின்றாள். அடித்துவிடுவாளோ என்று பயந்தேன். அடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். "ஒனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டே எந்தம்பி பேரச் சொன்ன." அவன் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. பிளேடைப் பிடுங்க வந்தவரே டென்டைப் பிடித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் பதினைந்தையும் பிரித்துவிட்டேன். ஹீட்டர்களை அந்தந்தக் குடும்பத்தார்களே தூக்கிவந்து வேனில் வைத்தார்கள். காற்று பார்க்கிற சாமானைத் திரும்ப மாட்டினால்தான் ஒன்றாவது மலையேறும் என்று சொல்லி நசீம் பானு வேனில் ஏறினாள்.

பழனிக்குமார் அங்கே நடந்ததை வீடியோ எடுத்துப் போட்டான். சிவபிரகாஷ் வாயால் சொன்னது தெளிவாகக் கேட்கும். அதை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். நாற்பதாயிரம் எங்கே, முந்நூறு எங்கே. பொய் லாரியில் போகிறது, உண்மை நொண்டிக்கொண்டு போகிறது. ஆபீசர் எடுத்துப்போன கறியில் ஒரு குறையும் இல்லை என்று தை கடைசியில் காகிதம் வந்தது. சௌகத் அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினான். படிக்க ஆள் வந்தால்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கடையைச் சாத்திவிட்டுச் சௌகத்தின் கடைக்குப் போனேன். எட்டு மேஜையில் மூன்றில்தான் ஆள். வாசலை ஒட்டின மேஜையில், ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். சௌகத் தானே இலை போட்டுப் பரிமாறினான். நசீம் பானு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து மேஜைக்கு வந்த ஒருவர் உட்காராமலே என்னிடம் குனிந்து கேட்டார். "இந்தக் கடதானங்க அந்த வீடியோவுல வந்தது? பிரியாணில ஏதோ..."

சௌகத் கரண்டியோடு அப்படியே நின்றான். இந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் அவன் மேல் விழுந்திருக்கும். வாய் பேசத் தெரியாத மனிதன், என்ன சொல்லியிருப்பான். இத்தனை நாளாக ஒருவர்கூட ஒச்சப்பனின் கடையைக் காட்டி இப்படிக் கேட்கவில்லை. என் கடைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது, தார்ப்பாய் போய்க்கொண்டுதான் இருந்தது. என் பங்கையும் சேர்த்து இவன் சுமந்திருக்கிறான்.

"பிரியாணில ஒண்ணுமில்லங்க" என்றேன். "டென்டுல காத்து வர்ற ஓட்டைய அடைச்சுத் தச்சுட்டான் ஒரு ஆளு. உள்ள ஹீட்டர் எரிஞ்சு வெசவாயு. அந்த ஆளு நாந்தான்."

"விடுங்கண்ணே, சாப்டுங்க" என்றான் சௌகத்.

"நீ சும்மா இருப்பா" என்று கல்லாப் பக்கமிருந்து குரல் வந்தது. நசீம் பானு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு நடுவிலும் அவள் இப்படித்தான் நிமிர்ந்து நின்றிருப்பாள்.

"இன்னுஞ் சத்தமாச் சொல்லுங்கண்ணே. உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கல."